நம் நோய் தெரிந்தவரெல்லாம் நம்மவர் அல்லர்: தரவுக் கசிவுக்குப் பின் நோயாளிகளும் குடும்பத்தாரும் செய்ய வேண்டியவை

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராம் செயலியில் எவரும் எடுத்துக்கொள்ளும் நிலையில் கிடைக்கின்றன என்று 2024 செப்டம்பர் 20 அன்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. 3 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் தம்மிடம் இருப்பதாகத் திருடியவர் கூறிக்கொண்டார். பெயர், முகவரி, கைப்பேசி எண், அடையாள அட்டை நகல் ஆகியவற்றோடு பரிசோதனை முடிவுகளும் நோய்க்குறிப்புகளும் அவற்றுள் இருந்தன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. திட்டமிட்ட சைபர் தாக்குதலுக்கு உள்ளானதை அக்டோபரில் ஒப்புக்கொண்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2022 நவம்பர் 23 அன்று, புது தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டு முடங்கின. அங்கு நோயாளிகள் பதிவு முதல் பரிசோதனை முடிவு வரை பல நாள்கள் கையால் எழுத வேண்டியதாயிற்று.

இவை பெருநகரச் செய்திகள் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. திட்டக்குடிப் பகுதியிலிருந்து சிகிச்சை பெறும் ஒருவர் ஸ்கேன் எடுக்க விருத்தாசலம், மேல்சிகிச்சைக்குப் பெரம்பலூர், சிதம்பரம் அல்லது புதுச்சேரி ஜிப்மர் என்று பல ஊர்களுக்குச் செல்கிறார். போகுமிடமெல்லாம் ஆதார் நகல், கைப்பேசி எண், காப்பீட்டு அட்டை ஆகியவற்றைத் தருகிறார். இவற்றுள் ஏதேனும் ஓர் இடத்தில் பூட்டு உடைந்தாலும் அவருடைய விவரம் வெளியே போய்விடும்.

ஆறும் புண் அன்று, நீடித்த நோய்

கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிவிடலாம், ஏ.டி.எம். அட்டை தொலைந்தால் முடக்கிவிடலாம். பிறந்த தேதியையும், ஆதார் எண்ணையும், பத்து ஆண்டுகளாக இருக்கும் சர்க்கரை நோயையும் மாற்ற இயலாது. ஒருமுறை வெளியேறிய மருத்துவ விவரம் ஓராண்டு கழித்தும் விலைபோகும். ஆதலால் தரவுக் கசிவை நாம் நீரிழிவைப்போலவோ இரத்த அழுத்தத்தைப்போலவோ கருத வேண்டும். முற்றிலும் நீக்க இயலாது. ஆனால் முறையான கண்காணிப்பால் அதன் பின்விளைவுகளைத் தடுக்கலாம்.

அப்பின்விளைவுகள் மூன்று. ஒன்று, நம்மை நன்கறிந்தவர்போல் பேசிப் பணம் பறித்தல். இரண்டு, நம் பெயரில் கடன் வாங்குதல் அல்லது சிம் அட்டை பெறுதல். மூன்று, நம் காப்பீட்டில் வேறொருவர் சிகிச்சை பெறுதல்.

அழைப்பவர் யார்?

“ஐயா, உங்கள் தந்தையாருக்குச் சென்ற மாதம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள் அல்லவா? காப்பீட்டுத் தொகையில் நாற்பதாயிரம் ரூபாய் நிலுவையில் உள்ளது. கணக்கை உறுதிசெய்ய ஓ.டி.பி. சொல்லுங்கள்.” இப்படி ஓர் அழைப்பு வந்தால் பெரும்பாலோர் நம்பிவிடுவர். நோயின் பெயரும், சிகிச்சை நாளும், பாலிசி எண்ணும் மருத்துவமனைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் மட்டுமே தெரியும் என்பது நம் எண்ணம். பெருங்கசிவுகள் நிகழ்ந்துவிட்ட இக்காலத்தில் அவ்வெண்ணம் செல்லாது. நம் விவரம் ஒருவருக்குத் தெரிந்திருப்பது, அவர் உண்மையானவர் என்பதற்குச் சான்று ஆகாது.

ஆதலால் விதி ஒன்றே. அழைப்பைத் துண்டித்துவிட்டு, காப்பீட்டு அட்டையிலோ மருத்துவமனை ரசீதிலோ அச்சிடப்பட்டுள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். அழைத்தவர் தரும் எண்ணுக்கு அழைக்காதீர்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண்ணோ, கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்வதோ ஒருபோதும் தேவைப்படாது. இவற்றைக் கேட்பவர் பணம் தர வந்தவர் அல்லர், எடுக்க வந்தவர்.

பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். மாரடைப்பில் முதல் ஒரு மணி நேரத்தை நாங்கள் பொன்னான நேரம் என்போம், இங்கும் அப்படியே. பணம் பல கணக்குகளுக்குச் சிதறுமுன் புகார் சென்றால் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு மிகுதி. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும், மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம்.

வங்கிக்கும் அன்றே தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, நம் தவறும் வங்கியின் தவறும் இன்றி மூன்றாம் தரப்பின் பாதுகாப்பு மீறலால் பணம் எடுக்கப்பட்டிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவிப்போருக்கு இழப்பு ஏதும் இல்லை. 4 முதல் 7 நாள்களுக்குள் தெரிவித்தால் இழப்புக்கு வரம்பு உண்டு. ஆனால் ஓ.டி.பி.யை நாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையதே.

நம் பெயரில் யாருடைய கடன்?

மகளிர் குழுக் கடன், நகைக் கடன், கூட்டுறவுச் சங்கக் கடன், தவணைக்கு வாங்கிய இரு சக்கர வண்டி என்று கடனின்றி நடக்கும் குடும்பம் நம் பகுதியில் அரிது. திடீரென அறுவை சிகிச்சை என்றாலும் முதலில் நாடுவது கடனைத்தான். அவ்வேளையில், “உங்கள் பெயரில் கட்டாத கடன் இருக்கிறது” என்று வங்கி கையை விரித்தால் சிகிச்சையே தள்ளிப்போகும். கைப்பேசிச் செயலிகள் வழியே தரப்படும் சிறு கடன்களுக்கு நம் பான் எண்ணும் ஆதார் நகலும் முறைகேடாகப் பயன்படுத்தப்படலாம். கடன் நிலுவையானபிறகே அது உரியவருக்குத் தெரியவருகிறது.

இதனை முன்கூட்டியே அறிய வழி உண்டு. நம் கடன் வரலாற்றைச் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்னும் 4 கடன் தகவல் நிறுவனங்கள் பதிவுசெய்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. நான்கையும் ஒரே நாளில் கேட்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் பெற்றால், ஆண்டு முழுவதும் செலவின்றிக் கண்காணிக்கலாம். சர்க்கரை நோயாளர்க்கு மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை எழுதித் தருகிறோம் அல்லவா? அதே நாளில் இதையும் வைத்துக்கொண்டால் மறக்காது.

அறிக்கையில் பார்க்க வேண்டியவை: நாம் வாங்காத கடன், நாம் விண்ணப்பிக்காத நிறுவனத்தின் விசாரணை, நமக்குத் தொடர்பில்லாத முகவரி அல்லது கைப்பேசி எண். பிழை இருந்தால் அந்தக் கடன் தகவல் நிறுவனத்திடமும், கடன் கொடுத்ததாகக் காட்டும் நிறுவனத்திடமும் எழுத்து மூலம் புகார் செய்யுங்கள். 30 நாள்களுக்குள் தீர்க்காவிடில், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்னும் விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கும் பயனில்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம், தகவலுக்கு 14448.

இந்த அறிக்கை நிறுவனங்களும் கசிவுக்கு விலக்கு அல்ல. 2017இல் அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்தே ஏறத்தாழ 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் களவுபோயின. அதன்பின், தம் கடன் அறிக்கையைப் பிறர் பார்க்க முடியாதபடி இலவசமாக முடக்கும் உரிமையை அந்நாட்டுச் சட்டம் 2018இல் மக்களுக்கு அளித்தது. இங்கு, நம் அறிக்கையை ஒரு கடன் நிறுவனம் எடுத்துப் பார்க்கும்போது நமக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. அச்செய்தி வந்து சேர, வங்கியில் நாம் கொடுத்துள்ள எண் இன்றும் நம் கையில் இருக்க வேண்டும். சிம் அட்டையை அடிக்கடி மாற்றுவோர் இதைக் கவனிக்க. நாம் கைவிட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும். அவருக்கே நம் ஓ.டி.பி.யும் செல்லும்.

ஆதாரும் கைப்பேசி எண்ணும்

ஆதாரில் கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் பூட்டிவைக்கும் வசதி உண்டு. ஆதார் செயலி வழியாகவோ இணையதளம் வழியாகவோ இதைச் செய்யலாம். பூட்டிய நிலையில் நம் கைரேகையைக் கொண்டு எவரும் கணக்கிலிருந்து பணம் எடுக்க இயலாது. ரேஷன் கடையில் விரல் வைக்கவோ, முதியோர் உதவித்தொகை பெறவோ வேண்டுமானால் முன்னதாகத் திறந்து, பின்னர் மறுபடி பூட்டிக்கொள்ள வேண்டும். கடந்த ஆறு மாதங்களில் நம் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்பதையும் அங்கேயே காணலாம். ஐயங்களுக்கு 1947.

நகல் கேட்குமிடத்தில், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ போதுமா என்று கேளுங்கள். காகித நகல் கொடுத்தால் அதன் குறுக்கே தேதியும் நோக்கமும் எழுதிக் கையொப்பமிடுங்கள். ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆவணத்தை, வேலை முடிந்ததும் நம் கண்முன்னேயே அழிக்கச் சொல்லுங்கள்.

நம் பெயரில் எத்தனை கைப்பேசி இணைப்புகள் உள்ளன என்பதை மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பார்க்கலாம். நமக்குத் தெரியாத எண் இருந்தால் அங்கேயே ‘என் எண் அன்று’ எனப் பதிவுசெய்யலாம். திறன்பேசி இல்லாதோர் பிள்ளைகள் அல்லது நம்பிக்கைக்குரிய உறவினர் துணையுடன் இவற்றைச் செய்துகொள்ளட்டும்.

காப்பீடும் மருத்துவக் குறிப்பும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. நம் அட்டையில் வேறொருவர் சிகிச்சை பெற்றால், நமக்குத் தேவைப்படும் நாளில் அத்தொகை குறைந்திருக்கும். அதைவிடப் பெரிய கேடு ஒன்றுண்டு. அவருடைய இரத்த வகை, ஒவ்வாமை, மருந்துகள் ஆகியவை நம் பெயரில் பதிவாகிவிடும். நினைவின்றி அவசரப் பிரிவுக்கு வரும் ஒருவரின் பழைய குறிப்பை நம்பி நாங்கள் ஊசி போடும்போது, அக்குறிப்பு வேறொருவருடையதாக இருந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஆதலால் உறவினர்க்கு உதவுவதாக எண்ணியும் காப்பீட்டு அட்டையை இரவல் தராதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை காப்பீட்டு நிறுவனத்திடம் நம் பெயரிலான கோரிக்கைகளின் பட்டியலைக் கேட்டுப் பெறுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் பெயர், வயது, இரத்த வகை, ஒவ்வாமை ஆகியவற்றைச் சரிபார்த்த பின்னரே வீட்டுக்குச் செல்லுங்கள். ஆபா எண் வைத்திருப்போர், தம் குறிப்புகளைப் பார்க்க யாருக்கு ஒப்புதல் தந்துள்ளனர் என்பதைச் செயலியில் பார்த்து, வேண்டாதவற்றைத் திரும்பப் பெறலாம். காப்பீடு குறித்த புகார்களுக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் எண் 155255.

உடனிருப்போர் கவனத்துக்கு

நோயாளி படுக்கையில் இருக்கும்போது அவருடைய கைப்பேசியும் கோப்பும் பல கைகளுக்கு மாறுகின்றன. குடும்பத்தில் ஒருவர் மட்டும் அவற்றுக்குப் பொறுப்பேற்கட்டும். யு.பி.ஐ. ரகசிய எண்ணை மருத்துவக் கோப்பின் அட்டையில் எழுதி வைக்காதீர்கள். உறவினர்க்கு நலம் தெரிவிக்க டிஸ்சார்ஜ் சம்மரியைப் படம்பிடித்துக் குழுவில் இடுவதைத் தவிருங்கள்; “நலமாக உள்ளார்” என்ற ஒரு வரி போதும். நோயாளி மறைந்துவிட்டால், துயரத்தினூடேயும் அவருடைய வங்கிக்கும், காப்பீட்டு நிறுவனத்துக்கும், கைப்பேசி நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். மறைந்தவர் பெயரிலும் மோசடிகள் நடக்கின்றன.

அச்சத்தால் நோயை மறைக்காதீர்கள்

பணத்தைவிட மானத்துக்கு அஞ்சுவோர் உண்டு. எச்.ஐ.வி., மனநலச் சிகிச்சை, காசநோய், குழந்தைப்பேறு சிகிச்சை ஆகியவை ஊருக்குத் தெரிந்துவிடும் என்று மிரட்டிப் பணம் கேட்போருக்குப் பணிந்து பணம் கொடுத்தால் மிரட்டல் தொடரவே செய்யும். பதில் சொல்லாமல், செய்தியை அழிக்காமல், அப்படியே காவல் துறையிடம் காட்டுங்கள். எச்.ஐ.வி. நிலையை ஒருவரின் ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம் தடைசெய்கிறது. மனநலச் சிகிச்சையின் இரகசியத்தை அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாக அளிக்கிறது. தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வழிவகுக்கிறது. கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவர்க்குத் தெரிவிக்க வேண்டிய கடமையையும் அது விதிக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

எங்களை மிகவும் கவலையுறச் செய்வது வேறொன்று. விவரம் வெளியே போய்விடுமோ என்று அஞ்சி மருத்துவரிடமே நோயை மறைப்பதும், வேறு பெயரில் பதிவுசெய்வதும், மாத்திரையை நிறுத்துவதும் எந்தக் கசிவையும் விடப் பெருந்தீங்கு விளைவிப்பவை. கோப்பில் எழுத வேண்டாம் என்று ஒன்றைச் சொல்ல விரும்பினால், அதைத் தனியே சொல்லுங்கள். எதை எழுதியே ஆக வேண்டும், எதை எழுதாமல் விடலாம் என்பதை உங்களோடு கலந்தே முடிவுசெய்வோம்.

இந்த வாரமே செய்யத்தக்கவை

1. வங்கி, ஆதார், காப்பீடு மூன்றிலும் தற்போதைய கைப்பேசி எண் உள்ளதா எனப் பாருங்கள்.
2. ஒரு கடன் தகவல் நிறுவனத்திடமிருந்து இலவச அறிக்கை பெறுங்கள். அடுத்ததற்கு நாள்காட்டியில் குறியுங்கள்.
3. ஆதார் கைரேகையைப் பூட்டுங்கள்.
4. சஞ்சார் சாத்தியில் உங்கள் பெயரிலுள்ள இணைப்புகளை எண்ணிப் பாருங்கள்.
5. 1930 என்ற எண்ணை வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளிலும் பதிந்து, முதியோர்க்கும் சொல்லி வையுங்கள்.

மருத்துவமனையின் பெயரைச் சொல்லி வந்த அழைப்பில் ஐயம் இருந்தால், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் ரசீதிலுள்ள எண்ணில் எங்களைக் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டா.