கம்யூட்டேஷன்: கையெழுத்துக்கு முன் எக்ஸெலில் ஒரு கணக்கு

ராணுவத்திலிருந்து ஓய்வு பெறுபவர் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால், எக்ஸெலில் முதலில் போடச் சொல்லி நான் சிபாரிசு செய்யும் கணக்கு இது.

நம் ராணுவத்தில் ஜவான்களுக்கு 15 ஆண்டு, அதிகாரிகளுக்கு 20 ஆண்டு சர்வீஸ் முடிந்தால் பென்ஷன் உண்டு. (2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் 4 ஆண்டுகள் மட்டும் பணிபுரிபவர்களுக்கு இல்லை.) சம்பளத்தில் பிடித்த சேமநல நிதி வட்டியோடு தனியாகக் கைக்கு வரும். இவை தவிர, பென்ஷனில் பாதி வரை அரசிடம் விட்டுக் கொடுத்து மொத்தத் தொகையாகவும் வாங்கலாம். இதுதான் கம்யூட்டேஷன். 15 ஆண்டுகள் கழித்து முழு பென்ஷன் திரும்பக் கிடைக்கும்.

வாங்கலாமா, வேண்டாமா? எக்ஸெலைத் திறந்து கொள்ளுங்கள். செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்யவும்.

பி1-ல் மாத பென்ஷன்: 30000
பி2-ல் விட்டுக் கொடுக்கும் தொகை: =பி1/2
பி3-ல் வயதுக்கான எண். அடுத்த பிறந்த நாளில் 40 வயது என்றால் 9.09
பி4-ல்: =பி2*12*பி3

எண்டர் தட்டினால் 1636200 என்று வரும். அதாவது ரூ.16,36,200. இதற்காக மாதம் 15,000 வீதம் 180 மாதங்கள், மொத்தம் ரூ.27 லட்சம் விட்டுக் கொடுக்கிறீர்கள். இதைக் கடன் என்று எண்ணிப் பார்த்தால் வட்டி எவ்வளவு? பி5-ல் டைப் செய்யுங்கள்:

=ரேட்(180,-பி2,பி4)*12

விடை 7% என்று மட்டும் தெரிந்தால், தசம இடங்களைக் கூட்டும் பட்டனை ஒருமுறை கிளிக் செய்யுங்கள். 7.3% என்று காட்டும்.

முடிவு எடுக்க உதவும் எண் இதுதான். 9 சதவீத வட்டியில் வீட்டுக் கடன் இருக்கிறதா? வாங்கி அடைத்துவிடுங்கள், லாபம். சேவிங்ஸ் கணக்கில் சும்மா போட்டு வைக்கப் போகிறீர்களா? நஷ்டம்தான்.

இன்னும் மூன்று விஷயங்களைக் கணக்கில் சேருங்கள். கம்யூட்டேஷன் தொகைக்கு வருமான வரி கிடையாது. அகவிலைப்படி குறைக்கப்படாத முழு பென்ஷனுக்கே கிடைக்கும். பென்ஷன்தாரர் இடையில் காலமானால், மீதித் தொகையைக் குடும்ப பென்ஷனில் பிடிக்க மாட்டார்கள்.

பி1, பி3 இரண்டையும் உங்களுக்கு ஏற்றபடி மாற்றுங்கள். மற்றவை தாமாக மாறிவிடும். ஃபைலை சேவ் செய்து, வீட்டில் உள்ளவர்களுக்கும் காட்டிவிட்டு, பிறகு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள்.