லயத்து முதுமையும் ஊட்டும் நேரமும்

மறதிநோய் முற்றிய முதியவர் கவளத்தை வாயிலேயே அடக்கிக்கொண்டிருப்பதைப் பிடிவாதமெனக் கொள்ளுதல் தவறாகும். மெல்லுதல், விழுங்குதல் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் மூளையின் ஆற்றலே அங்கு சிதைகின்றது. வழிதவறி மூச்சுக்குழாயில் இறங்கும் உணவு நியுமோனியாவைத் தோற்றுவிக்கும். இந்நோயாளரின் மரணத்துக்கு அது பெருங்காரணங்களுள் ஒன்று.

வட்டவளை போன்ற தேயிலைத் தோட்டங்களின் அன்றாட உணவு ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியுமாகும். காய்ந்த ரொட்டி தொண்டையில் அடைக்கும். சாயத்தண்ணியோ விழுங்கும் செயல் தொடங்குமுன்பே வழுகி இறங்கிவிடும். ரொட்டியைச் சாயத்தில் தோய்த்துக் கொடுத்தல் அன்பின்பாற்பட்டதே. ஆயினும் திண்மமும் நீரும் பிரிந்து நிற்கும் கவளம் விழுங்குதற்கு மிகக் கடினமானது. கட்டியின்றிக் காய்ச்சிய குரக்கன் கூழும், நீர் பிரியாது குழையப் பிசைந்த பருப்புச்சோறும் மேலானவை. நிமிர்த்தி இருத்தி, சிறு கரண்டியால் ஊட்டி, ஒரு வாய் இறங்கிய பின்பே மறுவாய் கொடுத்தல் வேண்டும்; உண்டபின் அரைமணி நேரம் படுக்கவிடலாகாது. குழாய்வழி உணவு செலுத்துதல் ஆயுளை நீட்டுவதாக நிறுவப்படவில்லை. 2014இல் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமும் கையால் ஊட்டுவதையே பரிந்துரைத்தது.

இவ்வாறு ஊட்ட ஒரு வேளைக்கு அரைமணியோ முக்கால்மணியோ செல்லும். ஊட்ட வேண்டியவளோ காலைப் பெரட்டுக்கு நிற்க வேண்டியவள். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். அவசரத்தில் திணிக்கப்படும் கவளத்துக்கு மருமகளைக் குற்றஞ்சாட்டுவதிற் பொருளில்லை. அவளது நேரத்தைப் பறித்தது கூலிமுறையே. பெண்ணின் உழைப்பு மலையிலே தேவைப்பட்டமையால் தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா எழுந்தது. கொழுந்து பறித்து ஓய்ந்தவர்க்கென அத்தகையதொன்று தோட்ட அமைப்பின் பகுதியாக வளரவில்லை. பகற்சோற்றை அயற்காம்பராச் சிறுமியோ, தானுந் தளர்ந்த கிழவரோ ஊட்ட நேர்கின்றது. நிமிர்த்தி இருத்துக, விழுங்கும்வரை காத்திருக்க என்னும் செய்தி முதலிற் சென்றடைய வேண்டியது அவர்களையே.