முழங்காலுக்கு 30 மார்க், பென்ஷனுக்கு சைபர்! டிரங்குப் பெட்டியில் சிக்கியது பழைய ரிப்போர்ட்

சென்னை,

ஆவடியில் மாடி வீட்டில் குடியிருந்த முன்னாள் ஹவில்தார் ஒருவர், கீழ் வீட்டுக்கு இறங்கி 3 வருடம் ஆகிறது. காரணம், வலது முழங்கால்.

50 வயதைத் தாண்டிய அவர் நம்மிடம் கூறியதாவது:-

"ராஜஸ்தான்ல டூட்டி. விடியக்காலை ஓட்டப் பயிற்சி. இருட்டுல பள்ளத்துல கால் மாட்டி முறுக்கிக்கிச்சு. ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னு ஆபரேஷன் பண்ணாங்க. அப்புறமும் பத்து வருஷம் பல்லைக் கடிச்சிக்கிட்டு ஓட்டினேன் தம்பி."

2014-ல் ஓய்வு பெறும்போது மெடிக்கல் போர்டு காலைப் பார்த்தது. ஊனம் 30 சதவீதம், ஆயுள் முழுக்க என்று எழுதியது. பக்கத்துக் கட்டத்திலேயே, 'பணியால் வந்ததல்ல' என்றும் எழுதிவிட்டது!

அவ்வளவுதான். சர்வீஸ் பென்ஷன் வருகிறது. ஊனத்துக்கான பங்கு காலணா கிடையாது. இங்கிலீஷில் வந்த நிராகரிப்புக் கடிதத்தை, 'மேலிடத்து முடிவு' என்று மடித்து வைத்துவிட்டார். இப்போது ஒரு அபார்ட்மெண்டில் நைட் வாட்ச்மேன்.

ரெண்டு பூட்டு

இந்தப் பென்ஷனுக்கு ரெண்டு பூட்டு. ஊனம் 20 சதவீதமாவது இருக்க வேண்டும். அது பணியால் வந்ததாக அல்லது பணியால் முற்றியதாக இருக்க வேண்டும். இவருக்கு முதல் பூட்டு திறந்தது, ரெண்டாவது திறக்கவில்லை.

திறந்தால் என்ன கிடைக்கும்? 50-க்குக் கீழ் உள்ள ஊனத்தை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் சலுகை, சர்வீஸ் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. 100 சதவீதத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அப்படியானால் 50-க்கு 15. சம்பளம் 30 ஆயிரம் என்று வைத்தால் மாதம் 4,500 ரூபாய், அதன் மேல் பஞ்சப்படி. வாட்ச்மேன் வேலையை விடலாமா என்று யோசிக்க வைக்கிற பணம்தான்.

நல்ல உடம்போடு சேர்ந்தவருக்குப் பிறகு வந்த நோய் பணியால் வந்ததாகவே கருத வேண்டும், இல்லை என்றால் நிர்வாகம்தான் நிரூபிக்க வேண்டும் என்று 2013-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியாகிவிட்டது. ஆனால் அடிபட்ட கேசுக்குக் காகிதம்தான் பேசும்.

புடவைக்கு அடியில்...

அந்தக் காகிதம் வீட்டிலேயே இருந்திருக்கிறது! அடிபட்ட அன்று யூனிட்டில் எழுதிய இஞ்சுரி ரிப்போர்ட். மனைவியின் கல்யாணப் புடவைக்கு அடியில், பழுப்பேறி, மடிப்பில் கிழிந்து. 'பணியின்போது' என்ற வார்த்தை மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

"இதை வச்சுக்கிட்டா இத்தனை வருஷம் சும்மா இருந்தீங்க?" என்று வக்கீல் தலையில் அடித்துக்கொண்டாராம்.

நிராகரிப்புக் கடிதம் வந்த 6 மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். இவர் தாமதத்துக்குக் காரணம் எழுதி, ரிப்போர்ட் நகலை இணைத்து, ஸ்பீடு போஸ்டில் அனுப்பியிருக்கிறார். 6 மாதம் பதில் இல்லாவிட்டால் சென்னையிலேயே உள்ள ஆயுதப்படை தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டலாம். நாள் கடந்ததால் பழைய நிலுவை முழுசாகக் கிடைக்குமா என்பதுதான் வக்கீலின் கவலை.

கையில் இப்படிக் கடிதம் வைத்திருப்பவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டி விவரம் கேட்கலாம்.

"டூட்டிக்கு நேரமாச்சு தம்பி" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்தார். அசல் ரிப்போர்ட்டை மட்டும் மனைவி மறுபடி புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.