57 டன், நாலு சமோசா

உள்ளே விட்டுவிட்டார்கள்! ஹவுஸ் காஸ், ஐஐடி டெல்லி, சிவில் துறை ஆய்வுக்கூடம். வெளியே மே மாத வெயில். உள்ளே ராட்சத கூலர் ஒன்று ஹோவென்று இரைந்தபடி அதே வெயிலைத்தான் சுற்றிச் சுற்றி அனுப்புகிறது. எனக்கு மாட்டிவிட்ட மஞ்சள் ஹெல்மெட் மூக்குவரை இறங்குகிறது. வாருங்கள், கம்பியில் இடித்துக்கொள்ளாமல்!

பேராசிரியர் எங்கே என்கிறீர்களா? அதோ, சட்டை முழுக்க சிமென்ட் தூசியோடு குந்தி உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். தமிழர். "பேர் போடாதம்மா. இந்தச் சட்டைக்கு வீட்ல ஏற்கெனவே திட்டு வாங்கறேன்." எதிரே ஒரு மாணவி, இரும்பு அச்சில் கொட்டிய கான்கிரீட்டைக் கம்பியால் குத்திக்கொண்டிருக்கிறாள். மூன்று அடுக்கு, அடுக்குக்கு 35 குத்து. முப்பத்திரண்டு, முப்பத்திமூன்று... சார் வேண்டுமென்றே ஏதோ கேட்க, எண்ணிக்கை போச்சு. அறையே சிரிக்கிறது.

அவருடைய அறைக்கு ஓர் எட்டு. திருத்தாத விடைத்தாள் கட்டுகள், ஐஸ் குச்சியில் மாணவர்கள் கட்டிய பாலங்கள், நடுவே மிக்சர் டப்பா. சுவரில் டெல்லி பிரகதி மைதானத்தின் 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' படம். 1972 ஆசிய வர்த்தகக் கண்காட்சிக்காக எழுந்தது. வடிவம் ராஜ் ரேவால். அதை நிற்க வைத்தவர் கட்டமைப்புப் பொறியாளர் மகேந்திர ராஜ். அப்படிப்பட்ட முக்கோணக் கூட்டை எஃகில்தான் செய்வார்கள். எஃகோ கிடைக்கவும் இல்லை, கட்டுப்படியாகவும் இல்லை. சரி, கான்கிரீட்டிலேயே வார்ப்போம் என்று இறங்கி, தொழிலாளர்களின் கையாலேயே வார்த்து முடித்தார்கள்! "இந்தப் படத்தைக் காட்டாம நான் பாடம் ஆரம்பிக்கறதில்ல" என்கிறார் சார். 2017 ஏப்ரலில் ஓர் இரவில் அதை இடித்துத் தள்ளினார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர் மிக்சர் டப்பாவை என் பக்கம் நகர்த்துகிறார்.

கீழே கூச்சல். திருவிழா தொடங்கிவிட்டது! தொட்டித் தண்ணீரில் 28 நாள் ஊறிய கான்கிரீட் க்யூப்கள் சொட்டச் சொட்ட வெளியே வருகின்றன. ஒவ்வொன்றிலும் பெயின்டில் தேதி. ஒன்றில் மட்டும் சிரிக்கும் முகம். அதைத்தான் முதலில் உடைக்கப் போகிறார்களாம், பாவம். எம்25 தரக் கான்கிரீட் என்றால் இந்த 15 சென்டிமீட்டர் கட்டி சுமார் 57 டன்னாவது தாங்கவேண்டும். எத்தனையில் உடையும்? பந்தயம் நாலு சமோசா. மாணவர்கள் கால்குலேட்டரைத் தட்டுகிறார்கள். ஆய்வுக்கூட உதவியாளர் கட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, "எழுபது" என்கிறார் இந்தியில்.

கட்டியை அழுத்தும் இயந்திரத்தின் முள் ஏறுகிறது. ஐம்பது... ஐம்பத்தேழு தாண்டியாச்சு... அறுபத்தைந்து... மயிரிழை விரிசல் ஓடுகிறது. டப்! "டூட் கயா!" (உடைஞ்சிடுச்சு!) 71 டன். சமோசா உதவியாளருக்கே. சார் மிச்சத்தைத் தூக்கிக் காட்டுகிறார்: நாலு பக்கமும் உதிர்ந்து, இடை சிறுத்து, அசல் உடுக்கை! ஒழுங்காக உடைந்த கட்டி இப்படித்தான் இருக்குமாம். கோணல்மாணலாக உடைந்தால் அச்சிலோ வைத்த விதத்திலோ ஏதோ தப்பு.

வழியனுப்பும்போது சார் சொன்னதை அப்படியே உங்களுக்குக் கடத்துகிறேன். வீட்டுக்குத் தளம் போடும் அன்று மேஸ்திரியிடம் மூணு க்யூப் எடுக்கச் சொல்லுங்கள். தண்ணீரில் ஊறவைத்து, 28-ம் நாள் பக்கத்துப் பொறியியல் கல்லூரிக்குக் கொண்டுபோய் உடைத்துப் பாருங்கள்.