பச்சை குத்தியதை அழிக்கலாமா?

சித்தூர், திருப்பதிப் பக்கத்தில் நம் பாட்டிமார் கையில் பச்சை குத்திக்கொண்டார்கள், தெலுங்கில் பச்சபொட்டு. பேரன்மார் இன்று மெஷினில் பல வண்ணத்தில் குத்திக்கொள்கிறார்கள். ராணுவத்தில் சேரப் போகும்போதுதான் சங்கடம். முன்கையின் உட்புறமும் புறங்கையும் தவிர வேறெங்கும் நிரந்தரப் பச்சை இருந்தால் ஆள்சேர்ப்பில் ஏற்பதில்லை. பழங்குடியினருக்கு மட்டும் சலுகை உண்டு.

மை தோலின் இரண்டாம் அடுக்கில் தங்குவதால் தேய்த்தால் போகாது. சேங்கொட்டை, சுண்ணாம்பு வைப்பவர்கள் தோலைத்தான் புண்ணாக்குகிறார்கள். லேசர் ஒளி, நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்கு நேரமே பாய்கிறது. மைத்துகள் சூடேறி நொறுங்கும். தூளை வெள்ளணுக்கள் மெல்ல அகற்றும். ஆகவே ஆறு முதல் எட்டு வார இடைவெளியில் பல முறை செய்ய வேண்டும். நம் மாநிறத் தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமே ஏற்றது. கரியால் குத்திய பாட்டியின் பச்சை இதற்கு மசியும். பேரனின் பச்சை, மஞ்சள் நிறங்கள் அடம்பிடிக்கும்.

மீயொலியோ, தண்டவாளத்தில் விரிசல் தேட நாங்கள் ரயில்வேயில் அனுப்பிய அதே ஒலிதான். அது எஃகைப் பிளக்காது; மையையும் தனியே அழிக்காது. லேசருக்குத் துணையாக ஒலித்துடிப்பு செலுத்தும் கருவி ஒன்றுக்கு அமெரிக்கா 2019இல் அனுமதி தந்தது, அதுவும் துணைதான்.

ஆள்சேர்ப்புக்கு ஒரு மாதம் இருக்கையில் தோல் மருத்துவரிடம் ஓடிப் பயனில்லை. ஓராண்டாவது கையில் இருக்கட்டும்.