பஞ்சுமிட்டாய்க்கு அந்த ரோஸ் கலர் எங்கிருந்து வந்தது?

இந்த மாதச் சுவர் இதழில் "உணவும் உடல்நலமும்" பகுதிக்கு என்னை எழுதச் சொன்னார்கள். கீரை சாப்பிடுங்கள், கை கழுவுங்கள் என்று ஆரம்பித்தால் நீங்கள் பக்கத்தில் இருக்கும் கார்ட்டூனுக்குப் போய்விடுவீர்கள் என்று எனக்கே தெரியும். அதனால் நம்ம எல்லாருக்கும் பிடித்த ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறேன். நம்ம புதுச்சேரி பெயர் 2024-ல் எல்லா டிவியிலும் வந்ததற்குக் காரணமான பொருளும் அதுதான். பஞ்சுமிட்டாய்!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பீச் ரோட்டுக்குப் போனால் காந்தி சிலை பக்கம் நீளக் கம்பில் ரோஸ் கலர் பாக்கெட்டுகளைச் செருகிக்கொண்டு, மணியை ஆட்டிக்கொண்டு வருவார்களே, அவர்களிடம் வாங்காமல் நானும் என் தங்கச்சியும் வீடு திரும்பியதே கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் யார் நாக்கு அதிகமாகச் சிவந்திருக்கு என்று பார்ப்போம். ஜெயித்தவருக்கு மீதி இருக்கும் குச்சி பரிசு. (சிரிக்காதீங்க, நீங்களும் செஞ்சிருப்பீங்க.)

எங்க தாத்தா மில்லில் வேலை பார்த்தவர். 1898-ல் ஆரம்பித்து 2020 ஏப்ரலோடு மூடப்பட்ட ஏ.எஃப்.டி. மில்தான். அவர் இன்னும் "ரோடியர் மில்லு" என்றுதான் சொல்வார். ஒருநாள் தங்கச்சி விரலெல்லாம் ரோஸாக வந்து நின்றதைப் பார்த்துவிட்டு, "இது சோப்பு போட்டாலும் போகலியேம்மா, இது எந்தக் கடையில வாங்குன கலரு?" என்று கேட்டார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. மிட்டாய் கலருக்குக் கடை எங்கே இருக்கும்? ஆனால் அடுத்த வாரம் பீச்சுக்கு வந்தபோது தாத்தா அந்த வியாபாரி அண்ணனிடமே அதைக் கேட்டுவிட்டார். அவர் வடநாட்டுக்காரர், தமிழ் கொஞ்சம்தான் தெரியும். பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். அதில் பெயர் இல்லை, கம்பெனி இல்லை, தேதி இல்லை. ஒண்ணுமே எழுதலை. "கலர், நல்ல கலர்" என்றார். தாத்தா ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு எங்களுக்கு வேர்க்கடலைதான் கிடைத்தது.

இதற்குச் சில மாதம் கழித்து, 2024 பிப்ரவரியில் நம்ம உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரிகள் பஞ்சுமிட்டாயை எடுத்துச் சோதித்தார்கள். அதில் ரோடமின்-பி என்ற சாயம் இருப்பது தெரிந்தது. அப்போது துணைநிலை ஆளுநராக இருந்த டாக்டர் தமிழிசை சௌந்தரராஜன் ஒரு வீடியோவில் பேசி, இதைக் குழந்தைகளுக்கு வாங்கித் தராதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். உணவுப் பாதுகாப்புத் துறையின் தரச்சான்று வாங்கும்வரை விற்கக்கூடாது என்றும் அறிவித்தார். அடுத்து தமிழ்நாட்டிலும் மாதிரி எடுத்துச் சோதித்து, அங்கேயும் அதே சாயம் இருந்ததால் பிப்ரவரி 17-ம் தேதி தடை அறிவித்தார்கள். மார்ச்சில் கர்நாடகம் இந்தச் சாயத்தைப் பஞ்சுமிட்டாயிலும் கோபி மஞ்சூரியனிலும் சேர்க்கத் தடை போட்டது. அந்த வருஷம் மாசி மகம் பிப்ரவரி 24-ம் தேதி வந்தது. வைத்திக்குப்பம் கடற்கரையில் அத்தனை சாமியும் அத்தனை கூட்டமும் இருந்தும், நான் பார்த்தவரை ஒரு ரோஸ் பாக்கெட் கூட இல்லை.

இப்போ விஷயத்துக்கு வருகிறேன். அந்த வாரம் எங்க தெருவில் பேச்செல்லாம் இதுதான். "அதைச் சாப்பிட்டா கேன்சர் வருமாம்" என்று யாரோ சொன்னது தங்கச்சி காதில் விழுந்துவிட்டது. அப்போ அவள் நாலாம் வகுப்பு. ராத்திரி படுத்த பிறகு மெதுவாக என்னைக் கூப்பிட்டு, "நான் எவ்ளோ சாப்பிட்டிருக்கேன் தெரியுமா? எனக்கு வந்துடுமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவளுக்காகத்தான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். வேதியியல் ஐயாவையும் நச்சரித்தேன்.

முதலில் பஞ்சுமிட்டாய் எப்படி வருகிறது? அதில் பஞ்சும் இல்லை, மாவும் இல்லை. வெறும் சர்க்கரைதான். மெஷின் நடுவில் சூடான கிண்ணம் ஒன்று வேகமாகச் சுற்றும். அதில் சர்க்கரையைக் கொட்டினால் உருகும். கிண்ணத்தின் ஓரத்தில் இருக்கும் நுண்ணிய துளைகள் வழியாகப் பாகு வெளியே வீசப்படும். காற்று பட்டவுடன் இறுகி நூலாகிவிடும். அந்த நூலைக் குச்சியில் சுற்றி எடுப்பதுதான் மிட்டாய். 1897-ல் அமெரிக்காவில் இந்த மெஷினைக் கண்டுபிடித்த இரண்டு பேரில் ஒருவரான வில்லியம் மோரிசன் ஒரு பல் டாக்டர்! (தன் தொழில் நன்றாக நடக்கணும்னு நினைச்சாரோ என்னவோ!) சர்க்கரை வெள்ளை, அதனால் நூலும் வெள்ளையாகத்தான் வரும். ரோஸ் கலர் என்பது சர்க்கரையோடு கலக்கும் ஒரு சிட்டிகைப் பொடி. அந்தப் பொடிக்கு ருசி கிடையாது, மணம் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் வெள்ளைக்கும் ரோஸுக்கும் வித்தியாசமே தெரியாது. நான் கிளாஸில் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

ரோடமின் என்ற பெயரில் இருக்கும் "ரோடோ" கிரேக்க மொழியில் ரோஜாவைக் குறிக்கும் சொல். பேர் மட்டும்தான் ரோஜா. துணி, தோல், காகிதம் இதுக்கெல்லாம் ஏற்றுகிற சாயம் அது. தண்ணீரில் சுலபமாகக் கரையும், பளீரென்று மின்னும். ரொம்பக் கொஞ்சம் கலந்தாலே நிறம் தெரிவதால், தண்ணீர் எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்கவும் இந்த வகைச் சாயங்களைப் பயன்படுத்துகிறார்கள். விலை மலிவு, ஒரு சிட்டிகையில் ஒரு கம்பு மிட்டாய்க்குக் கலர் வந்துவிடும். வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்? உணவில் சேர்க்க அனுமதி உள்ள எரித்ரோசின் என்ற ரோஸ் நிறம் வெயிலில் சீக்கிரம் மங்கிவிடும். நாள் முழுக்க வெயிலில் கம்பில் தொங்குகிற பாக்கெட்டின் நிறம் மங்கினால் நாம் வாங்குவோமா? மாட்டோம். இதில் நமக்கும் பங்கு இருக்கு.

சரி, கேன்சர் வருமா? எலிகளின் தோலுக்கடியில் இந்தச் சாயத்தை ஊசி மூலம் செலுத்திய ஆய்வுகளில் அந்த இடத்தில் கட்டிகள் வந்திருக்கின்றன. ஆனால் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று முடிவு சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதை மூன்றாம் பிரிவில் வைத்திருக்கிறது. "அப்போ சாப்பிடலாமா?" என்று கேட்காதீர்கள். நிரூபணம் இல்லை என்பது வேறு, பாதுகாப்பானது என்பது வேறு. உணவில் சேர்க்க வேண்டிய அவசியமே இல்லாத, ருசியும் சத்தும் தராத ஒரு துணிச் சாயத்தைக் குழந்தை வயிற்றில் போட்டு ஏன் சோதிக்கணும்? அதனால்தான் நம்ம நாட்டிலும் ஐரோப்பிய நாடுகளிலும் உணவில் இதற்கு அனுமதி இல்லை. தங்கச்சியிடம் நான் சொன்னது இதுதான்: "எப்பவாவது சாப்பிட்டதை நினைச்சுப் பயப்படாதே. வாரா வாரம் வருஷக்கணக்கா உடம்புல சேர்றதுதான் கவலை. இனிமே வேணாம்." அவள் தூங்கிவிட்டாள். நான்தான் ரொம்ப நேரம் முழிச்சிட்டிருந்தேன்.

எல்லாக் கலரும் தப்பா என்றால், இல்லை. நம் நாட்டுச் சட்டம் எட்டு செயற்கை நிறங்களை அனுமதிக்கிறது. சிவப்புக்கு பான்சோ 4ஆர், கார்மோய்சின், எரித்ரோசின். மஞ்சளுக்கு டார்ட்ராசின், சன்செட் எல்லோ. நீலத்தில் இரண்டு, பச்சையில் ஒன்று. அதுவும் எல்லாப் பண்டத்திலும் இல்லை, குறிப்பிட்ட பண்டங்களில்தான். அளவும் பெரும்பாலும் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அதாவது ஒரு கிலோ இனிப்புக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. நம்ம வீட்டுக் கேசரிக்கு அம்மாக்கள் "கண் அளவா" போடுகிற பொடியை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்! செக்கச்செவேல் என்று இருக்கிறதே சிக்கன் 65, அதில் செயற்கை நிறம் சேர்க்க அனுமதியே கிடையாது. மிளகாய்த்தூளில் வரும் சிவப்பு போதும்.

ஒரு கஷ்டம் என்னவென்றால், பஞ்சுமிட்டாயில் இருப்பது நல்ல கலரா கெட்ட கலரா என்று வீட்டில் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டுமே தண்ணீரில் கரையும், இரண்டுமே நாக்கைச் சிவப்பாக்கும். ஆய்வுக்கூடத்தில் நிறத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். நாம ஸ்கெட்ச் பேனா மையை வடிதாளில் வைத்து நிறம் பிரித்தோமே, அந்த முறையைச் சார்ந்ததுதான். ஆகவே "ரொம்ப அடர்த்தியா இருந்தா கெட்டது, லைட்டா இருந்தா நல்லது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தாத்தா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி: எந்தக் கடையில் வாங்கின கலர்? டப்பாவில் உணவு நிறம் என்று அச்சிட்டிருக்கிறதா? தயாரித்தவர் பெயரும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கிறதா? பாக்கெட் மிட்டாய் வாங்கும்போதும் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். 122, 124, 127 என்று எண்கள் இருந்தால் அது சிவப்பு நிறங்களின் எண், பயப்பட வேண்டாம். நிறம் இருந்தும் எண்ணோ பெயரோ எதுவும் இல்லை என்றால் திருப்பிக் கொடுத்துடுங்க.

இன்னொரு விஷயம் படித்தபோது எனக்கு அதிர்ச்சி. இதே ரோடமின் சாயத்தைக் கேழ்வரகிலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலும் கூடப் பூசுகிறார்களாம், புதுசு மாதிரித் தெரிவதற்காக! மிட்டாயை விட்டுட்டு எங்க ஆயா செய்யும் கேழ்வரகு அடைக்கு மாறலாம் என்று நினைத்தால் அங்கேயும் அதுவா? கேழ்வரகு எவ்வளவு நல்ல பொருள்! 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கு, அதே எடை பாலைவிட இரண்டு மடங்குக்கு மேல். நல்ல வேளை, இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையமே வழி சொல்லியிருக்கிறது. ஒரு பஞ்சை தண்ணீரிலும் இன்னொரு பஞ்சைச் சமையல் எண்ணெயிலும் நனைத்து, கேழ்வரகின் மேலோ கிழங்கின் தோல் மேலோ தனித்தனியாகத் தேயுங்கள். பஞ்சில் சிவப்பு ஏறினால் சாயம் இருக்கு. (தூசி ஒட்டி மண் நிறமாவது வேறு, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) மிளகாய்த்தூள் என்றால் இன்னும் சுலபம். கண்ணாடி டம்ளர் தண்ணீரின் மேல் கொஞ்சம் தூவுங்கள். கோடு கோடாகச் சிவப்பு உடனே கீழே இறங்கினால் சாயம் கலந்தது.

எங்க வீட்டில் சோதித்துப் பார்த்தோம். கேழ்வரகு பாஸ். மிளகாய்த்தூள் எங்க ஆயா மெஷினில் அரைத்தது, அதைச் சோதிக்கப் போனதற்கே எனக்குத் திட்டு விழுந்தது.

சாயங்காலம் பசிக்கு இப்போது தங்கச்சி கடலை மிட்டாய்க்கு மாறிவிட்டாள். அதிலும் வெல்லம் இருக்கு, இனிப்பு இனிப்புதான். ஆனால் வேர்க்கடலையில் எடைக்குக் கால் பங்கு புரதம். பஞ்சுமிட்டாயில் சர்க்கரையும் காற்றும் மட்டும்தான், வெள்ளையாக இருந்தாலும் அதேதான். எப்பவாவது திருவிழாவில் ஒன்று சாப்பிடலாம், அதையே டிபன் ஆக்கக் கூடாது.

அந்த வியாபாரி அண்ணனைக் கொஞ்ச நாள் காணவில்லை. ஊர் முழுக்க எல்லாரும் அவரைத் திட்டினார்கள், விஷம் விற்றான் என்றுகூடச் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் அந்தப் பொட்டலத்தை எங்கள் கண் முன்னாடியே எடுத்துக் காட்டினார், மறைக்கவில்லை. அது துணிக்குப் போடுவது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? பெயர் இல்லாமல் பொட்டலம் கட்டி விற்ற கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும். போன மாதம் மரப்பாலம் பக்கத்தில் அவரைப் பார்த்தேன். அதே கம்பு, அதே மணி, ஆனால் கம்பில் பலூன். தங்கச்சி ஒன்று வாங்கினாள். ரோஸ் கலர்தான் வேணும்னு அடம்பிடித்து வாங்கினாள்!

குறிப்பு: வரும் வெள்ளிக்கிழமை மதியம் உணவு இடைவேளையில் வேதியியல் ஆய்வகத்தில் இந்தச் சோதனைகளைச் செய்து காட்ட ஐயா அனுமதி தந்திருக்கிறார். வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி கேழ்வரகு, இரண்டு ஸ்பூன் மிளகாய்த்தூள் தனித்தனிப் பொட்டலமாகக் கொண்டு வாருங்கள். பொட்டலத்தின் மேல் உங்கள் பெயர் எழுதினால் போதும், வாங்கிய கடையின் பெயர் வேண்டாம். எண்ணெயும் பஞ்சும் நாங்கள் தருகிறோம். (மிட்டாய் இல்லாத பஞ்சு!)