புயல் கூண்டின் எண்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலில் புயல் தோன்றிற்றென்றால், சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூர்த் துறைமுகத்திலும் இன்ன எண்ணுள்ள எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதென்று பத்திரிகைகள் யாவும் பிரசுரிக்கின்றன. அவ்வெண்ணின் தாத்பரியம் யாதென்று இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கடலை நம்பி ஜீவிப்போருக்கு எடுத்துரைப்பார் அரியர். எட்டைக் காட்டிலும் பத்து கொடியது என்றே ஜனங்கள் கொள்கின்றனர். இவ்வெண்ணம் பிழையானது, ஆபத்தானதுங்கூட.

1, 2 என்னும் கூண்டுகள் தூரத்துக் கடலின் நிலைமையைக் குறிப்பவை. 3, 4 என்பவை துறைமுகத்துக்கே காற்றினால் தொல்லை நேரக்கூடுமென்பன. 5, 6, 7 மூன்றும் புயலின் அபாயத்தையும், 8, 9, 10 மூன்றும் கடும்புயலின் பேரபாயத்தையும் அறிவிப்பன. இம்மும்மூன்றுக்குள் ஏற்றத்தாழ்வு வேகத்தில் இல்லை. புயல் செல்லும் வழியில்தான் பேதம். துறைமுகம் புயலின் இடப்புறம் அமையுமாயின் 5 அல்லது 8. வலப்புறமாயின் 6 அல்லது 9. புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்குமாயின் 7 அல்லது 10.

இந்த இட வல பேதம் அற்பமன்று. நமது பகுதியில் புயற்காற்று இடஞ்சுழியாய்ச் சுழல்வது. புயலோ பெரும்பாலும் மேற்கு நோக்கி வருவது. ஆகவே அது சென்னைக்கு வடக்கே கரையேறினால் நமக்குக் காற்று தரையினின்று கடலுக்கு வீசும். தெற்கே ஏறினாலோ கடலினின்று தரைக்கு வீசி, அலையையும் படகையும் கரைமேல் மோதும். 2012 அக்டோபர் 31-ல் நீலம் புயல் மாமல்லபுரத்தருகே கடந்தபோது நிகழ்ந்தது இதுவே. சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த பிரதிபா காவேரி என்னும் எண்ணெய்க் கப்பல் பெசன்ட் நகர்க் கரையில் தரைதட்டிற்று. உயிர்காப்புப் படகு கவிழ்ந்து மாலுமிகள் அறுவர் மாண்டனர். புயல் நேராய் மேலே வந்ததற்கு 2016 டிசம்பர் 12-ன் வர்தா சாட்சி. அன்று மாலை காற்றோய்ந்தது கண்டு வெளியே வந்தோர் பலர். அது புயலின் கண் என்பதறியார். சற்று நேரத்தில் எதிர்த்திசையினின்று காற்று சீறிற்று.

வானிலை அறிக்கையில் 'மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65' என்று வருமிடத்தில், அந்த 'இடையிடையே' என்பதே வடக்கயிற்றை அறுப்பது. வேகம் இரட்டித்தால் காற்றின் விசை நான்கு மடங்காகும். சராசரி வேகம் 62 கிலோமீட்டரை எட்டினாலோ அதற்குப் புயலென்றே பெயர்.

1864-ல் கல்கத்தாவைப் பெரும்புயல் பாழாக்கிய பின், மறு வருஷமே அங்கே துறைமுக எச்சரிக்கை முறை தொடங்கிற்று. அது கப்பல் வியாபாரத்தை முன்னிட்டு எழுந்தது. கட்டுமரக்காரனை அன்னிய துரைத்தனத்தார் நினைத்தாரில்லை. அவர்கள் போய் எழுபத்தைந்து வருஷங்களுக்கு மேலாகியும், மாலுமி சாஸ்திரம் கற்றவனுக்கு மட்டும் விளங்கும் எண்ணையே நாம் இன்றும் கூறிக்கொண்டிருப்பது என்ன நியாயம்? கொண்டலென்றும் வாடையென்றும் காற்றுக்குப் பெயரிட்டு வாழும் சமூகத்தார்க்கு இதை விளக்குவது கடினமோ?

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்து ஒலிபெருக்கியில் 'ஒன்பதாம் எண்' என்பதோடு, 'புயல் தெற்கே கரையேறும். கொண்டல் கடலை நம்மேல் தள்ளும். படகுகளை உள்ளே கட்டுங்கள்' என்று கூட்டிச் சொல்ல ஒரு காசும் செலவில்லை. மீன்வளத் துறையாரும் துறைமுக அதிகாரிகளும் வருகிற மழைக்காலத்திலேயே இதைத் தொடங்கவேண்டுமென்று கேட்கிறோம்.